சக்கையில் கெமிக்கல் எடுக்கலாமா?

கேள்வி: கரும்பு போட்டு, வெல்லம் காய்ச்சி, வேலூர் மண்டிக்கு அனுப்புகிறோம். சக்கையை வினையூக்கி வைத்து விலையுள்ள கெமிக்கலாக மாற்றலாம், கொட்டகையிலேயே சின்ன மெஷின் போதும் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா சார்?
- ஒரு வாசகர், அணைக்கட்டு

பதில்: விஷயம் உண்மை, மெஷின்தான் இடிக்கிறது.

சக்கையில் ஏறக்குறைய கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த நார்ப்பொருள். அதை நீர்த்த கந்தக அமிலத்தோடு 170, 180 டிகிரி நீராவியில் வேகவைத்தால் முதலில் சைலோஸ் என்ற சர்க்கரையாக உடையும், அப்புறம் அதிலிருந்து மூன்று தண்ணீர் மூலக்கூறு கழன்று ஃபர்ஃபியூரல் என்ற திரவம் ஆகும். அவர் சொல்கிற கெமிக்கல் இதுவாகத்தான் இருக்கும். வார்ப்பட ஆலைக்கான பிசின், மசகு எண்ணெய் சுத்திகரிப்பு என்று அதற்கு வேலை உண்டு. புதுசும் இல்லை, 1920களிலேயே அமெரிக்காவில் க்வேக்கர் ஓட்ஸ் கம்பெனி ஓட்ஸ் உமியில் இதை எடுத்து விற்றது.

இதில் கந்தக அமிலம்தான் வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் ரசாயன மாற்றத்தை வேகப்படுத்துகிற பொருள். அது யார் என்றால், பொய்கை மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் முடிக்கிற தரகர் மாதிரி. முடித்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார், மாட்டோடு போகமாட்டார். (கமிஷன் கிடையாது, அதுதான் வித்தியாசம்.) ஆனால் அமிலத் தரகர் கூட்டத்தில் கரைந்துவிடுவதால் பிரித்தெடுப்பது பாடு. சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் போன்ற திட வினையூக்கியை வடிகட்டித் திரும்பப் போடலாம், ஆனால் பக்க வினையில் வரும் தார் மாதிரிப் பிசுக்கு அதன் துளைகளை அடைத்துவிடும், அதைக் காற்றில் எரித்துச் சுத்தம் செய்யவேண்டும். ஃபர்ஃபியூரலையும் உண்டான உடனே நீராவியோடு வெளியே இழுக்காவிட்டால் அதுவும் பிசுக்காகிவிடும். அழுத்தம், அமிலம் இரண்டையும் தாங்குகிற பாத்திரம், பாய்லர், காய்ச்சி வடிக்கிற கோபுரம் எல்லாம் வேண்டும், நம் வெல்லக் கொப்பரைக்கு ஆகாது.

கணக்கும் பாருங்கள். 100 கிலோ காய்ந்த சக்கையில் 10 கிலோ ஃபர்ஃபியூரல் கிடைத்தாலே பெரிது. அதோடு சக்கை என்ன சும்மாவா கிடக்கிறது? உங்கள் அடுப்பே அதில்தானே எரிகிறது! அதைக் கொடுத்துவிட்டு விறகு வாங்குவீர்களா?

முன்பணம் தராதீர்கள். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அமிலம் ஊறிய மிச்சச் சக்கையை எங்கே கொட்டுவது? பாலாற்றில் என்றால், தோல் கழிவையே அது இன்னும் செரிக்கவில்லை.