விசையைத் தொடுமுன் போல்ற்றைக் கழுவுங்கள்

பட்டறைப் பதில்கள்: வவுனியாவில் துவக்குத் திருத்தும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்கு எழுதுகிறார்

கேள்வி: அப்பாவின் அனுமதிப்பத்திரத்தில் பழைய 0.22 றைபிள் ஒன்று இருக்கிறது. கச்சான் தோட்டக் காவலுக்கு வைத்திருக்கிறார். சுடும்போது விரலால் இழுக்கும் விசை கடினமாக இருந்ததால், தெரிந்த ஒருவர் உள்ளேயிருந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்தார். இப்போது விசை இலகுவாகிவிட்டது, ஆனால் பல ரவைகள் வெடிப்பதில்லை. விசையை இன்னும் அராவினால் சரிவருமா?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: தம்பி, அரத்தைக் கீழே வையுங்கள். ஸ்பிரிங்கை வெட்டியதால்தான் ரவை வெடிக்காமல் போகிறது.

பன்னிரண்டாம் நம்பர் வேட்டைத் துவக்கின் தோட்டா அடியில், நடுவில், தீப்பற்றவைக்கும் கேப் ஒன்று தனியாக இருக்கும். 0.22 ரவையில் அது கிடையாது. தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் வளையமாக இருக்கிறது. விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் ஊசி அந்த விளிம்பைக் குழலின் ஓரத்தோடு வைத்து நசுக்க வேண்டும். அதற்கு வேகமான, கூர்மையான அடி தேவை. உங்களுடையதுபோன்ற எளிய றைபிள்கள் பலவற்றில் ஊசியை முன்னே எறிவதும் அதே ஸ்பிரிங், ஊசியைப் பிடித்துவைக்கும் விசையின் கொளுக்கியை அழுத்திக்கொண்டிருப்பதும் அதே ஸ்பிரிங். அதை வெட்டினால் விசை இலகுவாகும், அடியும் தளர்ந்துவிடும். அந்த மாதிரிக்கு உரிய முழு நீள ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள். பேனா ஸ்பிரிங்கோ, இழுத்து நீட்டிய பழைய ஸ்பிரிங்கோ வேண்டாம்.

புது ஸ்பிரிங் போட்டும் வெடிக்காவிட்டால் அழுக்கைத் தேடுங்கள். முதலில் ரவைக்கூட்டைக் கழற்றி, போல்ற்றைத் (குழலின் பின்வாயை மூடும், ஊசி உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு) திறந்து, குழலில் ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். நம் பகுதியில் பலரும் போல்ற்றுக்குள் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். நாளடைவில் அது பிசினாகிறது. கோடையில் செம்மண் தூசி அதில் ஒட்டுகிறது, மாரியில் ஈரம் சேர்கிறது. ஊசி அந்தச் சேற்றுக்குள் நீந்திப்போய் எப்படி அடிக்கும்? போல்ற்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, தையல் இயந்திர எண்ணெயில் ஒரு துளி மட்டும் தடவுங்கள்.

ரவை உட்காரும் அறையையும் பாருங்கள். 0.22 ரவையின் ஈயத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். அந்த மெழுகும் கரியும் அங்கே படிந்தால் ரவை கடைசிவரை உள்ளே போகாது. ஊசியின் அடி ரவையை முன்னே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது முறை அடித்தால் வெடிக்கும் ரவைகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வெடிக்காத ரவையின் விளிம்பு நிறையச் சொல்லும். ஊசி அடித்த தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையா? அந்த இடத்தில் மருந்து பரவாமல் இருந்திருக்கலாம், அல்லது ரவை பழுதாகியிருக்கலாம். வேறொரு பெட்டி ரவையில் பாருங்கள். தடம் மெலிதாக இருந்தால் ஸ்பிரிங், ஊசி, அழுக்கு என்று தேடலாம். ரவையில்லாமல் சும்மா விசையை இழுத்துப் பழகும் வழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்துங்கள். பல பழைய றைபிள்களில் ஊசி நேரே குழலின் ஓரத்தில் மோதிப் பள்ளம் போட்டுவிடும். பள்ளம் விழுந்த இடத்தில் விளிம்பு நசுங்காது.

விசைக்கு வருகிறேன். கொளுக்கி ஊசியைப் பிடிக்கும் முகம் மிகச் சிறியது. பல றைபிள்களில் அதன் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அரம் பட்டால் அந்தத் தோல் போய்விடும், உள்ளே மென்மையான இரும்புதான். சில நாள் விசை பட்டுப்போல இருக்கும். பிறகு போல்ற்றை மூடும்போதே, அல்லது துவக்கு வரம்பில் இடறும்போதே வெடிக்கும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது. தோட்டக் காவலுக்குச் சற்றுக் கடினமான விசையே நல்லது. அதுவும் கழுவியபின் பாதி இலகுவாகிவிடும், ஏனெனில் கரகரப்பின் பெரும்பகுதி துருவும் தூசியும்தான். அதற்குமேல் வேண்டுமானால் உரிமம் பெற்ற திருத்துநரிடம், அப்பாவும் அனுமதிப்பத்திரமும் துவக்கும் சேர்ந்து போகட்டும். நீங்கள் தனியே கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: ரவை வெடிக்காவிட்டால் உடனே போல்ற்றைத் திறக்கலாமா?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: கூடாது. குழலை ஆளில்லாத பக்கம் நோக்கியே வைத்து, குறைந்தது 30 விநாடி பொறுங்கள். சில ரவைகள் தாமதித்து வெடிக்கும். அதன்பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து எடுங்கள். இன்னொன்று, சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்த ரவையைப் போடவே வேண்டாம். ஈயம் குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது கிழியும். போல்ற்றைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தால் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இரவில் யானை வருகிறது. 0.22 றைபிளால் சுட்டு விரட்டலாமா?
– மாங்குளம் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. அந்த ஈயத்தின் எடை வழக்கமாக 2.6 கிராம் அளவுதான். யானை சாகாது, ஓடியும் போகாது. காயம் சீழ்பிடித்து, நாள்கணக்கில் வலியோடு அலையும். அப்படி அலையும் யானைதான் அடுத்த ஊரில் ஆளைக் கொல்லும். யானையைச் சுடுவது சட்டப்படியும் குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள், யானைவெடி கேளுங்கள், அயலவர்களோடு முறைவைத்துக் காவலிருங்கள். கம்பியில் கால் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவர்களின் கால்களை அது எடுத்திருக்கிறது. அந்தக் கம்பியைக் கட்ட வேண்டாம். ஏற்கெனவே கட்டியிருந்தால், பகல் வெளிச்சத்தில், பொலிஸாருக்குச் சொல்லி, இன்றைக்கே அகற்றுவியுங்கள்.