எறும்புப் புற்றுக்குள் குளவிக்கு என்ன வேலை?

கேள்வி: புல்லைப் பிடுங்கியபோது வேரோடு வேராக, செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளும், அவற்றைச் சுற்றிச் சிறிய எறும்புகளும் இருந்தன. அந்த எறும்புகளுடனேயே வாழ்ந்துகொண்டு அசுவினிகளுக்குள் முட்டையிடும் குளவி ஒன்று உண்டாமே? எறும்புகள் அதை ஏன் விட்டுவைக்கின்றன?

பதில்: உண்டு. பாராலிப்சிஸ் என்பது அதன் பேரினப் பெயர். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பார்த்தால் இன்னொரு எறும்பு என்றே நினைக்கத் தோன்றும்.

மண்ணுக்கடியில் வெளிச்சம் கிடையாது. எறும்பு அங்கே கண்ணால் ஆளை அறிவதில்லை, மணத்தால் அறிகிறது. ஒவ்வொரு எறும்பின் உடல்மீதும் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதில் உள்ள ஹைட்ரோகார்பன் என்ற வேதிப்பொருள்களின் கலவை புற்றுக்குப் புற்று வேறுபடும். உணர்கொம்பால் ஒரு தடவு தடவினால் போதும், எதிரே நிற்பது தன் புற்றைச் சேர்ந்ததா, அந்நியமா என்று தெரிந்துவிடும். அந்நியமென்றால் கடிதான்.

ஜப்பானில் வாழும் பாராலிப்சிஸ் ஐகோயே என்ற இனத்தை அகினோ, யமாவோகா என்ற இருவர் ஆராய்ந்து 1998-இல் எழுதினார்கள். இறந்த அசுவினியின் காய்ந்த தோலுக்குள்ளிருந்து புதிதாக வெளிவரும் குளவியின் உடலில் இந்தப் பூச்சு மிகக் குறைவு. அது எறும்பின் மேல் ஏறி, உடலோடு உடல் உரசி, அதன் மணத்தைத் தன்மேல் பூசிக்கொள்கிறது. பிறகு அந்தப் புற்றில் அதற்குத் தடை இல்லை. அதே இன எறும்புதான் என்றாலும் வேறொரு புற்றில் கொண்டுபோய் விட்டால் தாக்குதலுக்கு ஆளாகிறது. மணத்தோடு பிறக்கவில்லை, எறும்பிடமே வாங்கிக்கொள்கிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் ஈர்க்கும் விஷயம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஐரோப்பாவின் பாராலிப்சிஸ் எனெர்விஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. லாசியஸ் நைஜர் என்ற கருப்பு எறும்பின் எதிரே நின்று, வாயருகே உணர்கொம்பால் தட்டிக் கேட்கிறது. பசித்த சக எறும்புக்குக் கொடுப்பதுபோலவே, அந்த எறும்பும் தன் இரைப்பையிலிருந்து ஒரு துளியைக் கக்கி ஊட்டுகிறது. வேரில் இருக்கும் அசுவினிகள் சுரந்த இனிப்புதான் அந்த எறும்புகளின் முக்கிய உணவு; அதற்காகவே அவை அசுவினிகளைக் காவல் காக்கின்றன. அந்த இனிப்பைக் குடித்த தெம்பில் குளவி அதே அசுவினிகளைத் தேடிப் போகிறது. வயிற்றுப் பகுதியைக் கால்களுக்கிடையே முன்னோக்கி வளைத்து, ஒரு குத்து. முட்டை உள்ளே போய்விட்டது. எல்லாம் காவல்காரரின் கண்ணெதிரே!

கேள்வி: இந்தக் குளவி மனிதர்களைக் கொட்டுமா?

பதில்: கொட்டாது. அதன் ஊசி அசுவினிக்குள் முட்டையிடுவதற்கே. பயமின்றிக் கையில் ஏறவிடலாம்.

கேள்வி: எறும்புக் காவலால் அசுவினிக்கு லாபம் என்று பாடத்தில் படித்தோம். குளவி உள்ளே நுழைந்துவிட்டால் அந்தக் காவலால் யாருக்கு லாபம்?

பதில்: சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். இதே கேள்வியை ஜெர்மனியில் வொல்ஃப்காங் ஃபோல்கல் எழுப்பி 1992-இல் விடை கண்டார். அவர் எடுத்துக்கொண்டது தரைக்கு மேலே, முட்செடிகளின் தண்டில் இருக்கும் அசுவினிகளையும், அவற்றைத் தாக்கும் லைசிஃப்ளீபஸ் கார்டுயி என்ற குளவியையும். இதற்கு எறும்பு மணம் தேவையில்லை. இதன் உடல் மணம் அசுவினியின் மணத்தை ஒத்திருப்பதால் எறும்புகள் கண்டுகொள்வதில்லை.

இந்தக் குளவிகளுக்கும் எதிரி உண்டு. அசுவினிக்குள் வளரும் குளவிப் புழுவையே குறிவைத்து முட்டையிடும் வேறு குளவிகள் இருக்கின்றன. எறும்புகள் அவற்றை விரட்டிவிடுகின்றன. விளைவு, எறும்பு நடமாடும் இடத்தில் லைசிஃப்ளீபஸ் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன. அசுவினிக்காக நிறுத்தப்பட்ட காவல், அசுவினியைக் கொல்பவனுக்கும் காவலாகிறது. ஆனால் எறும்பையும் சமாளிக்க வழி கண்ட எதிரி ஒன்று இருக்கிறது. அலாக்ஸிஸ்டா பிரேவிஸ் என்ற குளவி, எறும்பு நெருங்கினால் தாடைச் சுரப்பியிலிருந்து ஒரு நெடியை வெளியிடுகிறது. எறும்பு பின்வாங்கிவிடும்.

கேள்வி: என் தொட்டிச் செடி வேரில் அசுவினி. குளவி வாங்கி விட்டால் போய்விடுமா?

பதில்: விற்பனைக்குக் கிடைக்கும் அஃபிடியஸ் கோலிமானி போன்றவை இலையிலும் தண்டிலும் இருக்கும் அசுவினிகளைத் தேடுபவை. மண்ணுக்குள் இறங்கி வேட்டையாடுவது அவற்றின் இயல்பு அல்ல. பணத்தை வீணாக்காதீர்கள்.

செடியை மண்கட்டியோடு எடுத்து, வேரைத் தண்ணீரில் நன்றாக அலசிப் புது மண்ணில் நடுங்கள். எறும்பு ஏறும் வழியை அடைத்துவிட்டால் அசுவினிக்குக் காவல் போய்விடும். அலசுவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியால் வேரைப் பாருங்கள். ஊதி உருண்டு, நிறம் மாறி, அசையாமல் காய்ந்த தோலாக ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினிகள் தென்பட்டால் அவற்றுக்குள் குளவி வளர்கிறது. மேலே வட்டமாக வெட்டிய துளை இருந்தால் குளவி ஏற்கெனவே வெளியே போய்விட்டது. துளை இல்லாதவற்றை வேர்த்துண்டோடு எடுத்து, அசுவினி கிடைத்த மண்ணிலேயே நிழலான ஓரத்தில் போட்டுவிடுங்கள். பூச்சிமருந்தை மட்டும் ஊற்றவே வேண்டாம், தயவுசெய்து. அது உள்ளே இருக்கும் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.