டர்பனில் புது வீடு கட்ட எந்தக் கான்ட்ராக்டரை நம்புவது?

மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது, அதில் ஒன்று மட்டும் ரொம்பக் குறைவு, அதையே எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் அவர் என்.எச்.பி.ஆர்.சி.யில், அதாவது தென்னாப்பிரிக்காவில் வீடு கட்டுவோருக்கான தேசியப் பதிவு மன்றத்தில், பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு எண்ணை வாங்கி நீங்களே மன்றத்திடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவர் காட்டும் நகலை நம்பி விட்டுவிட வேண்டாம். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பதிந்திருந்தால் மட்டும் போதாது, உங்கள் வீட்டையும் வேலை தொடங்கக் குறைந்தது 15 நாள் முன்பே பதிய வேண்டும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கட்டமைப்பில் பெரிய பழுது வந்தால் குடியேறியதிலிருந்து 5 வருடம், கூரை ஒழுகினால் 1 வருடம், சில்லறைக் குறைகளுக்கு 3 மாதம் வரை கட்டியவர்தான் பொறுப்பு.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மாமா குறைந்த விலைக்காரர் ஒருவரிடம் பாதிப் பணத்தை முன்பணமாகவே கொடுத்தார். அஸ்திவாரம் போட்டதோடு சரி, அப்புறம் ஆள் போனையே எடுக்கவில்லை. அதனால் பணத்தை அஸ்திவாரம், சுவர், கூரை என்று முடிந்த வேலைக்குத் தகுந்தாற்போல் கொடுங்கள், கடைசியில் கொஞ்சத்தைக் குறைகள் சரியாகும்வரை பிடித்து வையுங்கள். விலை குறைகிறது என்றால் பெரும்பாலும் எதையோ சேர்க்காமல் விட்டிருப்பார்கள். டர்பனில் சரிவான மனைகள் அதிகம், தாங்குசுவரும் மழைநீர் வடிகாலும் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் முன்பு கட்டிய வீட்டை, முடிந்தால் நல்ல மழைக்கு அப்புறம், போய்ப் பாருங்கள். நகராட்சி பிளானை அங்கீகரிக்கும் முன்னாலேயே தோண்ட ஆரம்பிக்கலாம் என்பவரை டீ கொடுத்து வழியனுப்பிவிடுங்கள்.