அம்மாவின் காலுக்கு ‘சி4ஏ’ என்று எழுதியிருக்கிறார்கள். முற்றிவிட்டது என்று பொருளா?

கேள்வி: ‘அம்மாவுக்குக் காலில் வெரிகோஸ் வெயின் இருக்கிறது. மருத்துவர் சீட்டில் சி4ஏ, இபி, ஏஎஸ், பிஆர் என்று எழுதியிருக்கிறார். மொத்தம் ஆறு நிலைதானாம். நான்கு என்றால் முற்றிவிட்டதா?’

இதே எழுத்துகளை என் அம்மாவின் சீட்டில் பார்த்து நானும் கலங்கியிருக்கிறேன். அவர் 22 ஆண்டுகள் ஒரு துணிக்கடையில் நின்றபடியே வேலை பார்த்தவர். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தபோது அவர் வேலையை விட்டு நின்றிருந்தார். உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இந்த நான்கு புற்றுநோயின் நான்காம் நிலையைப் போன்றதல்ல என்பதுதான். அது காலைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதற்கான குறிப்பு மட்டுமே; ஒருவர் படிப்படியாக ஆறு வரை போயே தீருவார் என்று அதற்குப் பொருள் இல்லை.

இந்த முறைக்கு சி.இ.ஏ.பி. என்று பெயர்: சி காலில் தெரியும் அறிகுறி, இ காரணம், ஏ கோளாறுள்ள இடம், பி கோளாறின் வகை. 1994-இல் ஹவாயில் கூடிய பன்னாட்டு மருத்துவர் குழு உருவாக்கிய இது, 2004-இலும் 2020-இலும் திருத்தப்பட்டது. கண்ணுக்கும் கைக்கும் எதுவும் தென்படாவிட்டால் சி0; சிலந்தி வலை போன்ற மெல்லிய சிரைகள் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) சி1; நிற்கும்போது 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விட்டத்துடன் புடைத்திருப்பவை சி2; வீக்கம் சேர்ந்தால் சி3; ஆறிய புண் சி5; ஆறாத புண் சி6.

நான்கில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். தோலே மாறத் தொடங்கும் கட்டம் அது. அம்மாவுக்கு உள் கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்தில், துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது, இரவில் அரிக்கும். அதைச் சாதாரணப் படை என்று நினைத்து ஒரு மருத்துவமனையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் களிம்பு மட்டுமே கொடுத்தார்கள். ஒருமுறைகூட அவரை நிற்க வைத்துக் காலைப் பார்க்கவில்லை. உண்மையில், சிரைக்குள் அழுத்தம் கூடி, சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றின் இரும்பு தங்கிவிட்டதால் வந்த நிறம் அது. இந்த நிறமாற்றமும், கரப்பான் எனப்படும் அரிப்புத் தோல் அழற்சியும் 4ஏ. தோலும் அடிக்கொழுப்பும் இறுகிக் கட்டையாவதும், வெண்ணிறத் தழும்பு போன்ற திட்டுகள் தோன்றுவதும் 4பி. கணுக்காலருகே விசிறிபோல் விரியும் நுண்சிரைகள், 2020 திருத்தத்தில் சேர்ந்த 4சி.

மற்ற மூன்று எழுத்துகளை யாரும் விளக்குவதில்லை. ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. இபி என்றால், பழைய இரத்தக்கட்டு போன்ற வேறு காரணம் இல்லாமல் சிரையிலேயே தொடங்கிய நோய். ஏஎஸ் என்றால் கோளாறு தோலடிச் சிரைகளில் இருக்கிறது, ஆழ்சிரைகளில் இல்லை. பிஆர் என்றால் சிரைக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாமல் இரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறது. அடைப்பு இருந்தால் பிஓ என்று எழுதுவார்கள். இரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டாப்ளர் ஸ்கேனின்போது அம்மாவை நிற்க வைத்து, கெண்டைச்சதையை அழுத்திவிட்டார்கள். மேலே ஏறிய இரத்தம் திரையில் நீலமாகத் தெரிந்து, கையை எடுத்ததும் சிவப்பாகத் திரும்பி வந்தது. தோலடிச் சிரையில் அந்தத் திரும்பல் அரை நொடிக்கு மேல் நீடித்தால் அது கோளாறு. சி4ஏ என்ற ஒரே எண் கொண்ட இருவரில், ஒருவருக்குத் தோலடிச் சிரையில் லேசர் போதுமாக இருக்கலாம். ஆழ்சிரையில் அடைப்புள்ள மற்றவருக்கு வழியே வேறு.

நம் ஊரில் இதை ‘நரம்பு சுருண்டுவிட்டது’ என்று சொல்வதால் நரம்பியல் மருத்துவரிடம் போய் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். இது இரத்தக்குழாய் நோய். இரத்தநாள அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் அந்த எண் இறங்கவில்லையே என்றும் கவலைப்படாதீர்கள். அம்மாவின் அரிப்பும் வீக்கமும் போய்விட்டன, நிறம் போகவில்லை. ஆகவே இன்றும் அவர் சி4ஏதான். முன்னேற்றத்தை அளக்க வி.சி.எஸ்.எஸ். என்று தனி மதிப்பெண் முறை இருக்கிறது: வலி, வீக்கம், நிறம், புண் முதலிய பத்து அம்சங்களுக்குத் தலா 0 முதல் 3 வரை, மொத்தம் 30. அடுத்த முறை போகும்போது அந்த மதிப்பெண்ணையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அழுத்தக் காலுறையை மட்டும் கடையில் நீங்களாக வாங்கி மாட்டிவிடாதீர்கள். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியில் ஓட்டம் குறைவாக இருந்தால் அதுவே கேடு செய்யும் என்பதால், பாத நாடியை மருத்துவர் சோதித்த பிறகே அளவெடுக்க வேண்டும்.