வயர் சரி, விடை மட்டும் ஏன் தப்பு? கிராஸ்ஹாப்பர், ஹனிபீ கேள்வி பதில்

ரைனோ என்ற 3D மென்பொருளுக்குள் கட்டளைகளை வயரால் இணைத்து வடிவம் உருவாக்கும் கருவி கிராஸ்ஹாப்பர். கட்டடத்தின் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் கணக்கிட அதில் சேர்க்கும் பிளகின் ஹனிபீ. இவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி "கம்பொனென்ட் (ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) சிவப்பாகிவிட்டது" என்பவை. சிவப்பு நல்லது, குறையை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. சாம்பல் நிறத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டு தப்பான எண்ணைத் தருகிறதே, அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

கேள்வி: 12 மாடிக் கட்டடம். மாடிக்கு ஒரு மையப்புள்ளி, 8 ஜன்னல். மையத்திலிருந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு கோடு போட்டால் 96 வரவேண்டும். எனக்கு 144 வருகிறது. எங்கிருந்து முளைத்தது?

144 என்ற எண்ணே விடையைச் சொல்கிறது: 12 × 12. கிராஸ்ஹாப்பர் தரவைக் கிளை கிளையாக, கிளைக்கு ஒரு பட்டியலாக வைத்திருக்கும். உங்கள் ஜன்னல்கள் 12 கிளைகளாக, கிளைக்கு 8 என்று இருக்கின்றன. மையப்புள்ளிகளோ ஒரே கிளையில் 12. கிராஸ்ஹாப்பர் அந்த ஒற்றைக் கிளையை ஒவ்வொரு ஜன்னல் கிளையோடும் சேர்க்கிறது. 12 புள்ளிக்கு எதிரே 8 ஜன்னல்தான் இருப்பதால், கடைசி ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்து 12 ஆக்கிக்கொள்கிறது. கிளைக்கு 12 கோடு, 12 கிளை.

மையப்புள்ளி நுழையும் இடத்தில் வலது கிளிக் செய்து கிராஃப்ட் (ஒவ்வொன்றையும் தனிக் கிளையாக்குவது) போடுங்கள். கிளைக்கு ஒரு புள்ளி, 8 ஜன்னல், மொத்தம் 96. கிளைகள் வரிசைப்படிதான் ஜோடி சேரும், பாதையின் (கிளை முகவரியின்) பெயர் பார்த்து அல்ல. அதனால் ஏதாவது ஒரு மாடியில் ஜன்னலே இல்லாமல் அந்தக் கிளை காணாமல் போனால், அதற்கு மேல் எல்லா மாடியும் ஒன்று தள்ளிப் போய்விடும். சிவப்பும் வராது, ஆரஞ்சும் வராது. தரவைக் காட்டும் பேனலையோ பாரம் வியூவரையோ மாட்டிக் கிளைகளை எண்ணிவிட்டு அடுத்த வயரை இழுங்கள். எதற்கெடுத்தாலும் ஃபிளாட்டன் (எல்லாக் கிளையையும் ஒன்றாக்குவது) போடுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், பிறகு எது எந்த மாடி என்றே தெரியாது.

கேள்வி: டைனமோவில் (கிராஸ்ஹாப்பர் போன்ற இன்னொரு வயர் கருவி) எனக்கு நேர்மாறாக, பட்டியல் குறைந்து போகிறது.

அங்கே லேசிங், அதாவது பட்டியல்களை ஜோடி சேர்க்கும் முறை, பெரும்பாலும் சின்னப் பட்டியலோடு நின்றுவிடும். நோடில் வலது கிளிக் செய்து லாங்கஸ்ட் (நீளப் பட்டியல் முடியும்வரை) அல்லது கிராஸ் ப்ராடக்ட் (எல்லாவற்றோடும் எல்லாம்) என்று மாற்றுங்கள்.

கேள்வி: எனர்ஜிபிளஸ் (ஹனிபீ பயன்படுத்தும் வெப்பக் கணக்கு நிரல்) ஓடி முடிந்துவிட்டது. எர்ரர் கோப்பில் மட்டும், ஓர் அறையின் கனஅளவு பூஜ்யத்துக்குக் கீழே வந்ததால் 10 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன் என ஒரு எச்சரிக்கை. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. அந்தக் கோப்பில் மூன்று தரம் உண்டு: வார்னிங், சிவியர், ஃபேட்டல். ஃபேட்டல் வந்தால் ஓட்டம் நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். இது வெறும் வார்னிங், ஆனால் விடையைக் கெடுத்துவிடும். உங்கள் அறை 6 × 5 × 3 மீட்டர் என்றால் 90 கன மீட்டர். காற்றுக்கசிவை மணிக்கு 0.5 முறை காற்று மாறும் என்று கொடுத்திருந்தால், மணிக்கு 45 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். 10 கன மீட்டர் அறைக்கு அது 5 ஆகிவிடும். ஒன்பதில் ஒரு பங்கு! அறைக்காற்றின் வெப்பக் கொள்ளளவும் அதே கணக்கில் சுருங்கும்.

காரணம் பெரும்பாலும் அறை மூடாமல் இருப்பது, அல்லது சில முகங்கள் உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருப்பது. அந்த அறையை ரைனோவுக்குள் பேக் செய்து (நிஜ வடிவமாக இறக்கி), ஷோஎட்ஜஸ் கட்டளையில் நேக்கட் எட்ஜ், அதாவது வேறு முகத்தோடு சேராத விளிம்பு, தேடுங்கள். அப்படியே டாலரன்ஸையும் (எவ்வளவு இடைவெளியைக் கண்டுகொள்ளாது என்ற அளவு) பாருங்கள். 0.01 என்பது மீட்டர் கோப்பில் ஒரு சென்டிமீட்டர், மில்லிமீட்டர் கோப்பில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சுவர் மூலையில் 3 மில்லிமீட்டர் இடைவெளி முதலாவதில் கண்டுகொள்ளப்படாது, இரண்டாவதில் அறை திறந்தே கிடக்கும்.

கேள்வி: கீழ்த்தளக் கூரை வழியாக வெளியே வெப்பம் போவதாகக் காட்டுகிறது. அதற்கு மேலே இன்னொரு தளம் இருக்கிறதே?

கீழே ஒரு பெரிய கூரை, மேலே மூன்று சின்னத் தரைகள், அப்படித்தானே? முகத்துக்கு முகம் பொருந்தாவிட்டால் சால்வ் அட்ஜசென்சி (ஒட்டியிருக்கும் அறைகளைக் கண்டுபிடிக்கும் கம்பொனென்ட்) அதை வெளிப்புறம் என்றே விட்டுவிடும். முதலில் திடப்பொருள்களை ஒன்றோடொன்று வெட்டுங்கள், பிறகு அட்ஜசென்சி. எல்லைநிலைக்கு (முகத்துக்கு அப்பால் வெளிப்புறமா, இன்னொரு அறையா என்பதற்கு) நிறம் கொடுத்துக் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பகல் வெளிச்சக் கணக்கில் அறை முழுக்க பூஜ்யம். ஜன்னல் இருக்கிறது, கண்ணாடியும் கொடுத்தேன்.

வெளிச்சத்தை அளக்கும் புள்ளிகளான சென்சார்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? தரைப்பரப்பின் நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) கீழ்நோக்கி இருந்தால் சென்சாரும் கீழேதான் பார்க்கும். அவற்றின் திசையைச் சின்னச் சின்னக் கோடுகளாக வரைந்து பாருங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும். சென்சார்களைத் தரையோடு ஒட்டி வைக்காமல் மேசை உயரத்துக்கு, சுமார் 0.8 மீட்டருக்கு, ஏற்றுங்கள். ஜன்னலருகே மட்டும் எண் வந்து உள்ளே இருட்டாகவே இருந்தால் ஒளியைக் கணக்கிடும் நிரலான ரேடியன்ஸின் ஆம்பியன்ட் பவுன்ஸ் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அது 0 என்றால் ஒளி சுவரில் பட்டு மறுபடி வருவதே கணக்கில் இல்லை.

கேள்வி: ஸ்லைடரைத் தொட்டாலே கணினி உறைந்துவிடுகிறது.

சிமுலேஷனின் ரன் டாகிள் (ஓட்டு, நிறுத்து சுவிட்ச்) ட்ரூவிலேயே கிடக்கிறதா? நானும் ஒருமுறை அப்படி விட்டுவிட்டு ஜன்னல் அகலத்தை 0.3-இலிருந்து 0.6-க்கு இழுத்தேன். வழியில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முழு ஆண்டு, 8760 மணி நேரம், தனித்தனியாக ஓடியது. அன்றிலிருந்து டாகிளுக்குப் பதில், அழுத்தும்போது மட்டும் ஓடும் பட்டன்தான். டாகிள் காரணமில்லை என்றால் ப்ரொஃபைலரைப் போட்டு எது எத்தனை நொடி தின்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் திடப்பொருள்களைச் சேர்க்கும், வெட்டும் சாலிட் பூலியன்தான் அகப்படும். அதற்கு முன்னால் ஒரு டேட்டா டேம் வைத்தால், நீங்கள் சொல்லும்போது மட்டும் தரவு கீழே இறங்கும்.

கேள்வி: புதிதாக இறக்கிய பிளகின் விண்டோஸில் லோட் ஆகவே இல்லை.

ஜிப்பைப் பிரிப்பதற்கு முன்பே அதன் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக்கைத் தட்டுங்கள். ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள் என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகத் தட்டவேண்டும். அதற்கு அழித்துவிட்டு மறுபடி பிரிப்பதே மேல்.