நாலாவது பாட்டில் ஒரு குக்கர் விசில்

வணக்கம் சார்,

நான் பெங்களூர் மர்ஃபி டவுனில் இருக்கிறேன். பகலில் ஐ.டி. வேலை, ராத்திரியில் பாட்டு. தமிழில் நானே எழுதி, மெட்டமைத்து ஆறு பாட்டு பதிவு செய்திருக்கிறேன். லேபிள், மேனேஜர் யாரும் கிடையாது. இரண்டு வருடமாகப் பாடப் போகிற இடத்திலெல்லாம் ஒரு நோட்டு வைத்து, விருப்பப்பட்டவர்களிடம் ஈமெயில் வாங்கி வந்தேன். 340 பேர் சேர்ந்தார்கள். போன மாதம் ஆல்பம் வெளியிட்டு, அல்சூரில் சின்ன ஹால் பிடித்து, எல்லோருக்கும் மெயில் போட்டேன். வந்தது 11 பேர். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். அந்த மெயிலைக் கீழே ஒட்டியிருக்கிறேன். எங்கே தப்பு? எனக்கு விளம்பரம் செய்யவே கூச்சம் சார். கலைஞன் கூவி விற்கலாமா?

பி.கு.: நாலாவது பாட்டை மட்டுமாவது கேளுங்கள். பகலில் பக்கத்து மனையில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்ததால், ராத்திரி ஒரு மணிக்கு அறையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மாடி வீட்டுக்காரர் குக்கர் வைத்துவிட்டார். விசில் உள்ளே விழுந்துவிட்டது. நல்ல டேக், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

மெயிலைப் படித்தேன். தலைப்பு ‘மாபெரும் அறிவிப்பு!!! தவறவிடாதீர்கள்!’. முதல் வரி ‘எங்கள் குழு பெருமையுடன் வழங்கும்’. யார் அந்தக் குழு? உங்கள் கடிதப்படி நீங்களும் ஒரு கிடாரும்தான். பிறகு ஒரு பெரிய போஸ்டர், ஏழு லிங்க். கச்சேரி என்றைக்கு என்று கண்டுபிடிக்க மூன்று தடவை விரலால் தள்ள வேண்டியிருந்தது.

கூச்சம் என்கிறீர்கள். அந்தக் கூச்சம்தான் இப்படிச் சத்தம் போட வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘நான் பாடியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள்’ என்று சொல்ல வாய் வராமல், ஆட்டோவில் மைக் கட்டிப் போகிறவரின் குரலை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். மைக் சத்தத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை; ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

ஆனால் என்னைப் பார்த்தேயிராத நீங்கள், பின்குறிப்பில் ஐந்தே வரி எழுதினீர்கள். படித்த கையோடு அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டேன். விசிலுக்காகக் காத்திருந்து கேட்டேன், பாட்டும் உள்ளே போய்விட்டது. நீங்கள் அனுப்பியிருக்க வேண்டிய மெயில் அதுதான். இப்படி இருந்திருக்கலாம்:

‘வணக்கம். நான் பாடிய ஒரு நாள் என் நோட்டில் உங்கள் ஈமெயிலை எழுதிக் கொடுத்தீர்கள். அன்று பாடிய பாட்டைப் பதிவு செய்துவிட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு மாடி வீட்டு குக்கர் விசிலோடு. இங்கே கேட்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அல்சூரில் பாடுகிறேன். டிக்கெட் 200 ரூபாய். விசில் மட்டும் இருக்காது.’

தலைப்பு ‘நாலாவது பாட்டில் ஒரு குக்கர் விசில்’. செல்போனில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும், அதை ‘மாபெரும்’ தின்றுவிடக் கூடாது. பாட்டுக்கு ஒரு லிங்க், டிக்கெட்டுக்கு ஒன்று, போதும். விலையை ஒளிக்காதீர்கள். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா, தான் நடத்திய ‘எழுத்து’ பத்திரிகையின் பெயரில் போட்ட புத்தகங்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவருக்கு இல்லாத கௌரவம் நமக்கு எதற்கு?

நம் ஊருக்கே உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். அந்த 340 பேரில் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்க வரும்? இங்கே பிறந்து கன்னடமோ இங்கிலீஷோ படித்து வளர்ந்த பிள்ளைகள் உங்கள் பாட்டுக்குக் கண் கலங்குவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைப் பார்த்தால் அம்மாவிடம் நீட்டுவார்கள். என் தங்கை பையன் அப்படித்தான். நோட்டில் ஈமெயிலுக்குப் பக்கத்தில் ‘எந்த எழுத்தில் அனுப்பட்டும்?’ என்று ஒரு கட்டம் போடுங்கள். அதே வரிகளை இங்கிலீஷ் எழுத்திலும் தட்டி வைத்தால் போயிற்று. இன்னொன்று, இந்த ஊரில் ஆள் வருவதும் வராததும் டிராஃபிக் கையில். அல்சூர் மெட்ரோவிலிருந்து எத்தனை நிமிட நடை என்று எழுதுங்கள். ‘அனைவரும் வருக’வை விட அதற்கு ஆள் வரும்.

அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பாட்டைக் கேட்டவரின் ஈமெயிலை ஸ்பாட்டிஃபையும் தராது, யூட்யூபும் தராது. இது அவரவர் கைப்பட எழுதிக் கொடுத்தது. அதனால்தான் ‘இனி வேண்டாம் என்றால் ஒரு வரி பதில் போடுங்கள், எடுத்துவிடுகிறேன்’ என்று கடைசியில் சேர்க்கச் சொல்கிறேன். சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும், உங்களுக்கு இப்போதைக்கு அது போதும். முகவரிகளை மட்டும் பிசிசியில் (Bcc) போடுங்கள், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. என் முதல் புத்தகம் வந்தபோது நான், எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரிகிற சிசியில் (Cc) போட்டு 200 பேருக்கு அனுப்பினேன். மல்லேஸ்வரத்துப் பெரியவர் ஒருவர் ‘என் பெயரை நீக்கவும்’ என்று எல்லோருக்கும் பதில் போட்டார். அதற்கு இன்னொருவர் ‘என்னையும்’ என்றார். அன்று சாயங்காலத்துக்குள் 37 மெயில். புத்தகத்தைப் பற்றி அதில் ஒன்றுகூட இல்லை.

மொத்தமாக மெயில் அனுப்பும் சேவைகள், எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிளின் மெயில் செயலி, ஆள் படிக்காமலே மெயிலில் உள்ள படத்தை இறக்கிவைத்துக்கொள்கிறது. கணக்கில் அதுவும் ‘திறந்தார்’தான். யார் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். எழுதியவருக்கு அன்றைக்கே நாலு வரி திருப்பி எழுதுங்கள். 340 பேருக்கும் உழைப்பதைவிட அந்த ஏழெட்டுப் பேருக்கு உழைப்பது மேல்.

மாதம் ஒரு மெயில் போதும். சொல்ல ஒன்றுமில்லாத மாதம் விட்டுவிடலாம். இந்தக் கச்சேரிக்கு 11 பேர் என்று துவண்டிருக்கிறீர்கள். உங்கள் அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக நிற்கும் வள்ளுவர் 1991 முதல் 2009 வரை, 18 வருடம், திறப்பு விழாவுக்காக மூடியே நின்றார்.

அடுத்த மெயிலுக்கு என் முகவரியையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழ் எழுத்துக் கட்டத்தில் டிக் போட்டு. ஒன்று கேட்க விட்டுப்போயிற்று: மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டீர்களா?