தட்டான் அந்தரத்தில் நின்று பூச்சி பிடிப்பது எப்படி?

மண்டபம் கடற்கரையில் காற்று பலமாக வீசும்போதும் தட்டான் ஒரே இடத்தில் நிற்பது எப்படி, இரையை அது துரத்தித்தான் பிடிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈ, தேனீ ஆகியவற்றின் பறப்புத் தசைகள் மார்புக்கூட்டை அமுக்கி, அதன் வழியே சிறகுகளை அசைக்கின்றன. தட்டானுக்கோ தசைகள் சிறகுகளின் அடியிலேயே நேராக இணைந்திருப்பதால், நான்கு சிறகுகளையும் வெவ்வேறு கோணத்திலும் வீச்சிலும் தனித்தனியே இயக்க முடிகிறது. அந்தரத்தில் நிற்கையில் முன்சிறகும் பின்சிறகும் மாறி மாறி அடிக்கும். வேகமெடுத்து எழும்போது ஏறக்குறைய ஒன்றாக அடிக்கும்.

துரத்துதல் என்பது அவ்வளவு பொருத்தமான சொல் அன்று. ஊருணிக் கரையில் சீமைக்கருவேல முள்ளின் நுனியில் அமர்ந்திருக்கும் தட்டானைச் சற்று நேரம் கவனியுங்கள்: தலை வெடுக்கென்று மேலே திரும்பும்; மறுகணமே அது பாய்ந்து, பெரும்பாலும் அதே முள்ளுக்குத் திரும்பிவந்து இரையை மென்று தின்னத் தொடங்கிவிடும். இரை இப்போது இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அது போய்ச் சேரப்போகும் இடத்தைக் கணித்து, அதன் பார்வைக்கு எளிதில் படாதபடி கீழிருந்து எழுந்து, முட்கள் அடர்ந்த கால்களைக் கூடைபோலக் குவித்து அள்ளிவிடுகிறது. (அந்தக் கால்களால் ஒழுங்காக நடக்க முடியாது என்பது வேடிக்கை.) ஆய்வுக்கூடச் சோதனைகள் சிலவற்றில் 100 பாய்ச்சல்களில் 90க்கு மேற்பட்டவை வெற்றி பெற்றுள்ளன; புலிக்கும் சிங்கத்துக்கும் இது எட்டாத கணக்கு.

இதற்கு ஆயிரக்கணக்கான சிறுகண்கள் சேர்ந்த கூட்டுக்கண்ணே துணை. அதன் மேற்பகுதி வானத்துப் பின்னணியில் நகரும் சிறு புள்ளியையும் பிரித்தறியும்.